மேற்கே மலை மறைந்தால்

மேலநீலிதநல்லூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மேற்கே மலை நீலக் கோடாகத் தெரியும். ஆனி பிறந்துவிட்டால் துணி காயப் போடும்போதே அந்தக் கோட்டைத் தேடுவேன். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மலை மேகத்துக்குள் மறைந்து, காத்தாலைகளும் ஓயாமல் சுற்றினால், குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது என்று கணக்கு. எங்களுக்கு அதில் ஒரு சொட்டு கிடையாது. தென்மேற்குக் காற்று ஆரியங்காவு கணவாய்க்குள் நுழைந்து, மழையை மலையிலும் அடிவாரத்திலும் இறக்கிவிட்டு, வெறுங்காற்றாக எங்கள் கரிசலுக்கு வந்து புழுதியைக் கிளப்பும். மேகம் அங்கே, காற்று இங்கே.

வெளியூர்ச் சொந்தக்காரர்கள் "எந்தத் தேதிக்கு வரலாம்?" என்று கேட்பார்கள். தேதி சொல்லவே மாட்டேன். "துணியை எடுத்து வையுங்க, மலையைப் பார்த்துட்டு போன் போடுறேன்" என்பேன். ஒரு மாதம் முன்னாலேயே அறை பிடித்துவிட்டு வந்து, பாறையில் நூலாக வழியும் தண்ணீரைப் பார்த்துத் திரும்பியவர்கள் பலர். குற்றாலம் ஊட்டி மாதிரி உயரத்தில் இல்லை. கடல் மட்டத்திலிருந்து இருநூறு மீட்டர்கூட இருக்காது. அங்கே குளிர்ச்சி என்பது காற்றும் சாரலும் சேர்ந்து தருவது. அவை இல்லாத நாளில் அதுவும் வெயில் ஊர்தான்.

சனி, ஞாயிறு வேண்டாம். செவ்வாய், புதனில் விடிவதற்குள் போய்ச் சேர்ந்தால் அருவி கிட்டத்தட்ட உங்களுக்கே. சங்கரன்கோவிலில் ஆடித்தபசு நடக்கும் நாட்களில் எங்கள் பக்கமிருந்து கிளம்பவே கிளம்பாதீர்கள், பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. சங்கரன்கோவிலிலிருந்து ரயிலில் போனால் தென்காசியில் இறங்க வேண்டும். எனக்கு வீரசிகாமணி, சுரண்டை வழியாகப் போகிற ரோடுதான் பிடிக்கும். ஆடியில் சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி பூத்துக் கிடக்கும். கேரளாவிலிருந்து அதைப் பார்ப்பதற்கென்றே வருகிறார்கள்.

பெண்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது உண்டு. சேலையோடு அருவிக்குள் போகாதீர்கள். நனைந்த சேலை காலைச் சுற்றும், வழுக்குப் பாறையில் அதுவே ஆளைத் தள்ளிவிடும். பருத்தி சுடிதார் நல்லது, துப்பட்டா கரையிலேயே இருக்கட்டும். கம்மல், வளையலை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு, தாலிச் செயினைப் போட்டிருக்கும் உடையோடு சேர்த்து ஊக்கு குத்திக்கொள்ளுங்கள் என்பது என் அத்தை சொல்லிக் கொடுத்தது. அருவித் தண்ணீர் கழுத்தில் விழும்போது செயினைப் பிடுங்குவது போலவே இழுக்கும். தலையை நேராகக் கொடுக்கக் கூடாது. முதலில் முதுகு, பிறகு தோள், கடைசியில்தான் தலை. பேரருவியில் தண்ணீர் பாதி உயரத்தில் பொங்குமாகடல் என்ற பாறைக்குழியில் விழுந்து பொங்கி வருவதால்தான் மனிதர் நிற்க முடிகிறது. அறுபது மீட்டரும் ஒரே வீச்சாக விழுந்தால் யார் தாங்குவார்? சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதுவும் கொண்டுபோகாதீர்கள். தடை இருக்கிறது என்பதற்காக மட்டுமல்ல, அந்தத் தண்ணீர் சிற்றாறாக இறங்கி வயலுக்கும் குடிக்கவும் போகிறது.

இதையெல்லாம் மறந்தாலும் ஒன்றை மறக்க வேண்டாம். சில வருஷங்களுக்கு முன் ஐந்தருவியில் பெண்கள் பக்கம் நானும் அத்தையும் குளித்துக்கொண்டிருந்தோம். மேலே வெயில். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. திடீரென்று அத்தை என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

"ஏட்டி, இலை வருது. வெளிய வா."

"இருங்க அத்தை, இப்பத்தானே வந்தோம்."

"வாங்கிறேன்ல!"

குனிந்து பார்த்தேன். காலடியில் நாலைந்து பழுத்த இலை, ஒரு சுள்ளி, தண்ணீரில் லேசான டீ நிறம். அவ்வளவுதான். படியேறித் தலை துவட்டுவதற்குள் போலீஸ் விசில் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஐந்து கிளையும் ஒன்றாகிச் செம்மண் நிறத்தில் இறங்கியது. நாங்கள் நின்ற இடம் தெரியவில்லை. மழை பெய்தது எங்களுக்கு மேலே இல்லை, கண்ணுக்கே தெரியாத உள் மலையில்.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். அது சீசன்கூட இல்லை, கோடை மழை. சாரல் மழை பொடிப்பொடியாக நாள் முழுக்க விழும். தண்ணீர் பெரும்பாலும் படிப்படியாகத்தான் கூடும். கோடை மழையும் ஐப்பசி, கார்த்திகை மழையும் அப்படியில்லை, ஒரேயடியாகக் கொட்டும். அந்த மாதங்களில் போனால் பிள்ளைகளை அருவிக்குக் கீழே விடும்முன் மலை உச்சியைப் பாருங்கள். கறுத்திருந்தால் காரை விட்டே இறங்க வேண்டாம். இலை வந்தாலும், நிறம் மாறினாலும், இரைச்சல் கூடினாலும் விசிலுக்குக் காத்திருக்காமல் வெளியே வந்துவிடுங்கள். அன்றைக்குக் குளிக்க முடியவில்லையா? ஊருக்குள் சித்திர சபை இருக்கிறது. நடராஜருடைய ஐந்து சபைகளில் ஒன்று. சுவர் நிறைய ஓவியங்கள். அவசரப்படாமல் பார்த்தால் ஒரு காலைப் பொழுது போதாது.

கிளம்பும்போது மங்குஸ்தான் வாங்காமல் அத்தை பஸ் ஏற மாட்டார். பழத்தைக் கவிழ்த்து அடியில் இருக்கிற சின்னப் பூவின் இதழை எண்ணுவார். ஆறு இதழென்றால் உள்ளே ஆறு சுளை. ஓட்டை அழுத்திப் பார்த்து, கல்லாக இருப்பதை ஒதுக்கிவிடுவார். பை வெளியே தெரிந்தால் குரங்கு விடாது, அதனால் முந்தானைக்குள் மூடித்தான் பஸ் ஸ்டாண்டு வரை நடை.

சுரண்டை தாண்டுவதற்குள் தலைமுடி காய்ந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் அத்தை தின்ற பழத்தின் ஓடுகளை, வயிற்றுப்போக்குக்கு ஆகும் என்று, மாடியில் முறத்தில் பரப்பிக் காய வைப்பார். காற்று முறத்தைத் தூக்கிவிடாமல் மேலே ஒரு கல்லையும் வைப்பார்.