அரக்கர் கதைகளும் அறத்தின் அளவும்



அரக்கர் கதை வழங்காத நாடு உலகில் இல்லை. மலை போன்ற மேனியும், மரத்தைப் பிடுங்கி எறியும் வலியும், மனிதரைத் தின்னும் பசியும் உடையவர்களாக அவர்களைப் பழைய நூல்கள் வருணிக்கின்றன. இக்கதைகளை முழுதும் மெய்யென நம்புவோர் உளர். முழுதும் பொய்யெனத் தள்ளுவோரும் உளர். இவ்விரு நிலையிலும் நில்லாது, அவை எவ்வாறு தோன்றின, பிற நாட்டு நூல்களும் பௌத்த நூல்களும் அரக்கரை எவ்வாறு முடிவு கட்டுகின்றன, அம்முடிவினின்று நாம் கொள்ளத்தக்க பாடம் யாது என்பவற்றை இக்கட்டுரையில் முறையாக ஆராய்வோம்.

பல நாட்டுப் பழங்கதைகள்

பாபிலோனிய நாட்டுக் காவியமாகிய கில்காமேஷில், தேவதாரு வனத்தைக் காக்கும் ஹும்பாபா என்னும் பேருருவன் வருகின்றான். கில்காமேஷும் அவன் நண்பன் என்கிடுவும் அவனை வெல்கின்றனர். உயிர்ப்பிச்சை வேண்டிக் கெஞ்சிய பின்னும் அவனைக் கொன்று, வனத்து மரங்களை வெட்டிச் செல்கின்றனர். கிரேக்கர் கதையில், மண்மகள் பெற்ற பேருருவர் ஒலிம்ப மலைத் தேவரோடு பொருது மாய்கின்றனர். வடபுல ஐரோப்பியர் கதையிலோ, ஈமிர் என்னும் ஆதிப் பேருருவனை ஓதினும் அவன் உடன்பிறந்தாரும் கொன்று, அவன் ஊனால் நிலத்தையும், குருதியால் கடலையும், மண்டையோட்டால் வானத்தையும் சமைக்கின்றனர். யூதர் வேதத்தில் கோலியாத்து என்னும் பெருவீரனைத் தாவீது என்னும் இளைஞன் கவண்கல்லால் வீழ்த்தித் தலை கொய்கின்றான். நம் நாட்டு இராமாயணத்தில் தாடகையும் கும்பகருணனும் அம்புக்கு இரையாகின்றனர்.

நாடு வேறு, மொழி வேறு, காலம் வேறு. ஆயினும் இக்கதைகள் யாவும் ஒரே வழியில் முடிகின்றன. அரக்கன் கொல்லப்படுகின்றான், கொன்றவன் வீரனாகின்றான்.

இக்கதைகள் தோன்றிய காரணம்

முதற் காரணம், பூமியிற் புதைந்து கிடந்த பேரெலும்புகள். அழிந்தொழிந்த பெருவிலங்குகளின் எலும்பைக் கண்ட மக்கள் அவற்றை முற்கால மனிதருடையவை என்று எண்ணினர். 1677இல் இராபர்ட் பிளாட் என்னும் ஆங்கில அறிஞர், தாம் ஆராய்ந்த பெரியதோர் எலும்புத் துண்டு பேருருவ மனிதனுடைய தொடையெலும்பாக இருத்தல் வேண்டும் என்று எழுதினார். அது பழங்காலப் பெரும் பல்லியினம் ஒன்றன் எலும்பென்பது பிற்கால அறிவு. கற்றோரே இவ்வாறு மயங்கினரெனின், கல்லாதார் மயங்கியதில் வியப்பென்னை?

மலையளவு மனிதன் ஒருவன் இருத்தல் கூடுமோ எனின், கூடாது என்று கணிதம் விடை கூறுகின்றது. இத்தாலிய நாட்டு கலீலியோ 1638இல் வெளியிட்ட நூலில் இதனை விளக்கினார். ஒருவனுடைய உயரமும் அகலமும் பருமனும் பத்து மடங்கு பெருகுமாயின் அவன் எடை ஆயிரம் மடங்கு பெருகும். அவன் எலும்பின் குறுக்குப் பரப்போ நூறு மடங்கே பெருகும். ஆகவே அவன் நிற்கும்போதே அவன் கால் முறியும். ஐயமறப் பதிவு செய்யப்பெற்ற மனிதருள் மிக உயர்ந்தவர் அமெரிக்க நாட்டு இராபர்ட் வாட்லோ என்பார். அவர் உயரம் 8 அடி 11 அங்குலம். அவரே காலில் இரும்புத் தாங்கி பூட்டி நடந்தார். அத்தாங்கி உராய்ந்த புண் சீழ்கொண்டு 1940இல், தம் 22ஆம் வயதில் மறைந்தார். மெய்யான பேருருவர் பிறரை அச்சுறுத்தியவர் அல்லர். தம் உடலாலேயே துன்புற்றவர்.

இரண்டாவது காரணம், சொல்வோர் நாவிலும் எழுதுவோர் கையிலும் கதை வளர்தல். இன்று பெரிதும் வழங்கும் எபிரேயப் பாடம், கோலியாத்து 6 முழமும் ஒரு சாணும் உயரமுடையவன் என்கின்றது. அஃது ஏறத்தாழ ஒன்பதரை அடியாகும். சாக்கடற் கரையிலுள்ள கும்ரான் குகையில் 1952இல் கிடைத்த பழஞ்சுவடியோ 4 முழமும் ஒரு சாணும் என்கின்றது. அஃது ஏறத்தாழ ஆறரை அடியே. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பும் இதனையே உரைக்கும். சுவடி பெயர்த்தெழுதப்பெற்ற காலத்தில் வீரன் மூன்றடி வளர்ந்துவிட்டான் போலும்!

மூன்றாவது காரணம் நாம் மிகவும் கருதத்தக்கது. அயலவர்மீது கொண்ட அச்சமும் பகையும் அவர்களை அரக்கராக்குகின்றன. யூதர் வேதத்தின் எண்ணாகமம் என்னும் பகுதியில், கானான் நாட்டை வேவு பார்க்கச் சென்றோர் மீண்டு வந்து, அந்நாட்டார் பேருருவர் என்றும், அவர்முன் தாங்கள் வெட்டுக்கிளிகள் போலத் தங்கள் கண்ணுக்கே தோன்றினதாகவும் உரைக்கின்றனர். அந்நாட்டில் வாழ்ந்தோர் மனிதரே. அவர்களுக்குரிய நிலத்தைக் கொள்ளக் கருதியவர் கண்ணுக்கு அவர்கள் பேருருவராயினர். ஒரு மக்களை அரக்கர் என்று பெயரிட்டுவிட்டால், அவர்களைக் கொல்லுதலும் அவர்தம் நிலத்தைக் கொள்ளுதலும் குற்றமெனத் தோன்றா. பெயர் முன்னே செல்லும். வாள் பின்னே செல்லும்.

பௌத்த நூல்களில் அரக்கர்

பௌத்த நூல்களிலும் அசுரரும் இயக்கரும் வருகின்றனர். அக்காலத்து மக்கள் வழங்கிய கதைகளை அறவோர் தாமும் எடுத்தாண்டனர். ஆயின் அவற்றின் முடிவை மாற்றினர். இதனைச் சில சான்றுகளால் காண்போம்.

முதலாவது, இராகு. அங்குத்தர நிகாயத்தில் பகவன் புத்தர் உலகோர் பெரியோர் எனக் கருதுவோரை எண்ணிக் காட்டுகின்றார். உடற்பெருமையில் தலையாயவன் அசுரர் வேந்தன் இராகு. இன்பம் துய்ப்பதில் தலையாயவன் மாந்தாதா என்னும் மன்னன். அதிகாரத்தில் தலையாயவன் மாரன். இவ்வுலகில் யாவரினும் மேலானவர் ததாகதரே என்று அவ்வுரை முடிகின்றது. உடல், போகம், அதிகாரம் என்னும் மூன்றும் பெருமைக்கு அளவுகோல் ஆகா என்பது இதன் கருத்து. உரையாசிரியர்கள் இதனை ஒரு கதையாக விரித்தனர். 4,800 யோசனை உயரமுடைய இராகு, புத்தரைக் காணத் தான் மிகக் குனிய வேண்டுமே என்று நெடுநாள் வாராதிருந்தானாம். வந்தபோது புத்தர் வலப்புறம் சாய்ந்து சிங்கசயனத்தில் இருந்தார். இராகுவோ அண்ணாந்து நோக்க வேண்டியதாயிற்று. இதனை உவமையாகக் கொள்க. கிடந்த நிலையினும் அறம் உயர்ந்தது. நின்ற நிலையினும் அகந்தை தாழ்ந்தது.

இரண்டாவது, ஐந்து படைக்கலம் ஏந்திய இளவரசன் பற்றிய ஜாதகம். தக்கசீலத்தில் கல்வி முடித்துத் திரும்பும் இளவரசனைப் பனை உயர இயக்கன் ஒருவன் காட்டில் மறிக்கின்றான். அவ்வியக்கன் மேனி மயிர் பிசின் போன்றது. எய்த அம்பு ஒட்டிக்கொண்டது, வாள் ஒட்டிக்கொண்டது, வேலும் தண்டும் ஒட்டிக்கொண்டன. பின்னர் அடித்த கையும் உதைத்த காலும் முட்டிய தலையும் ஒட்டிக்கொண்டன. அந்நிலையிலும் இளவரசன் அஞ்சவில்லை. என்னுள்ளே அறிவென்னும் வயிரப்படை உண்டு என்றான். அஞ்சாமை கண்டு வியந்த இயக்கன் அவனை விடுவித்தான். விடுபட்ட இளவரசன் ஓடிப்போகாமல் அங்கேயே நின்று அவனுக்கு ஐந்து சீலங்களைப் போதித்தான். பகையைப் பகையால் அடிக்க அடிக்க நாமே அதனோடு ஒட்டிக்கொள்கின்றோம் என்பதை இதனினும் தெளிவாகச் சொல்லுதல் அரிது.

மூன்றாவது, ஆளவகன். சுத்தநிபாதத்தில் இவன் பெயரால் ஒரு சுத்தமே உண்டு. உரைநூல் கூறும் முன்கதை வருமாறு: ஆளவி நகர மன்னன் வேட்டையிடையே இவ்வியக்கனிடம் அகப்பட்டு, நாள்தோறும் ஒரு மனிதனை உணவாக அனுப்புவதாக வாக்களித்துத் தன்னுயிர் காத்துக்கொண்டான். முதலில் சிறைக்குற்றவாளிகளை அனுப்பினான், சிறை வெறுமையாயிற்று. பின்னர்க் குழந்தைகளை அனுப்பினான். தாய்மார் மக்களைத் தூக்கிக்கொண்டு நகரை விட்டகன்றனர். இறுதியில் மன்னன் மகன் ஒருவனே எஞ்சினான். அன்பர்களே, இங்கே அரக்கன் யார்? பசித்துத் தின்றவன் ஒருவன். தான் பிழைக்கப் பிறர் மக்களை நாள்தோறும் அனுப்பியவன் ஒருவன்.

அவ்வியக்கன் இருப்பிடத்திற்குப் புத்தர் தனியே சென்றார். வெளியே போ என்றான், போனார். உள்ளே வா என்றான்; வந்தார். மும்முறை இவ்வாறு நிகழ்ந்தது. நான்காம் முறை போக மறுத்துவிட்டார். வினாவுக்கு விடை கூறாவிடில் நெஞ்சைப் பிளப்பேன், காலைப் பற்றிக் கங்கைக்கு அப்பால் எறிவேன் என்று அச்சுறுத்தினான். வினவுக என்றார் பகவன். மனிதனுக்குச் சிறந்த செல்வம் எது, இன்பம் தருவது எது, சுவைகளுள் இனியது எது, எவ்வாறு வாழ்தல் உயர்ந்த வாழ்வு என்று அவன் கேட்டான். நம்பிக்கையே செல்வம், நன்கு ஒழுகிய தம்மமே இன்பம், வாய்மையே சுவை, அறிவோடு வாழ்தலே வாழ்வு என்னும் பொருள்பட அவர் விடை தந்தார். மனித ஊனைச் சுவைத்த வாய் சுவை எது என்று கேட்டதும், வாய்மை என்னும் விடை பெற்றதும் ஆழ்ந்து நோக்கத்தக்கன. இயக்கன் சரணடைந்தான்.

அன்று உணவாகக் கொணரப்பட்ட அரச மைந்தனை இயக்கன் புத்தர் கையில் கொடுத்தான். கைக்குக் கை மாறி உயிர் பிழைத்தமையால் அவன் ஹத்தகன் எனப் பெயர்பெற்றான். அவனே வளர்ந்து, ஈகை, இன்சொல், பயன்செயல், சமமாக ஒழுகுதல் என்னும் நான்கால் மக்களை ஒன்றுசேர்ப்பதில் உபாசகருள் தலையாயவன் எனப் புத்தரால் பாராட்டப்பெற்றான். கொல்லாது திருத்திய அறம் அந்நகருக்கு அளித்த பயன் இது.

இராசகிருகத்துக் குழந்தைகளைத் தின்ற ஆரிதி என்னும் இயக்கியின் கதையும் இவ்வகையினதே. அவள் ஐந்நூறு மக்களுள் கடைக்குட்டியைப் புத்தர் மறைத்து வைக்க, ஒரு பிள்ளையை இழந்த துயரை அவள் உணர்ந்து பிறர் துயரையும் உணர்ந்தாள். பின்னர்க் குழந்தைகளின் காவல் தாயானாள். அசந்தா 2ஆம் குகையில் அவள் சிலையை இன்றும் காணலாம்.

மணிமேகலை காட்டும் நாகர்

நம் தமிழ்க் காப்பியமாகிய மணிமேகலையில் சீத்தலைச் சாத்தனார் இதனையே மனிதரிடையே நிகழ்த்திக் காட்டுகின்றார். ஆதிரையின் கணவன் சாதுவன் கலம் கவிழ்ந்து, ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நக்கசாரண நாகர் வாழும் மலைப்பக்கம் சேர்ந்தான். ஆடையற்ற அம்மக்கள் நல்ல உணவு கிடைத்ததென்று அவனை எழுப்பினர். அவனோ அவர்கள் மொழியை அறிந்தவன், அம்மொழியிலே பேசினான். உடனே அவர்கள் அவனை வருத்தாது தம் தலைவனிடம் அழைத்துச் சென்றனர். தலைவன், எலும்பும் ஊன் நாற்றமும் சூழத் தன் பெண்ணோடு கரடிபோல் வீற்றிருந்தான்.

தலைவன் கள்ளும் ஊனும் பெண்ணும் கொடுக்க, சாதுவன் மறுத்தான். உடலை நீங்கிய உயிர் எங்ஙனம் வேறிடம் செல்லும் என்று தலைவன் வினவ, அவன் பொறுமையோடு விளக்கினான். கேட்ட தலைவன் அடிவீழ்ந்து, கள்ளும் ஊனும் முற்றும் விடின் எங்கள் உயிர் நில்லாது, எங்களுக்கு ஏற்ற அறத்தைச் சொல்லுக என்று வேண்டினான். கலம் கவிழ்ந்து வருவோர் உயிரைக் காக்க. மூத்து இறந்த விலங்கின் ஊனையன்றிப் பிற உயிரைக் கொல்லற்க என்று அவர்களால் இயலும் அறத்தையே அவன் உரைத்தான்.

இங்கே வாளில்லை, மந்திரமில்லை, அற்புதமில்லை. அரக்கர் போல் தோன்றியவர்களின் மொழியை ஒருவன் அறிந்திருந்தான். அவர்கள் வினாவை மதித்து விடை கூறினான். அவ்வளவில் அரக்கர் மறைந்து மனிதர் தோன்றினர்.

நாம் கொள்ளத்தக்க பாடம்

1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் தீட்சை பெற்ற டாக்டர் அம்பேத்கர், மறுநாள் ஆற்றிய உரையில் அந்நகரைத் தெரிந்தெடுத்த காரணத்தை விளக்கினார். பௌத்தத்தைப் பரப்பியவர்களுள் நாக மக்கள் சிறந்தவர் என்றும், அந்நிலம் அவர்களுடையது என்றும் நினைவூட்டினார். கதைகளில் பாம்பாகவும் பகையாகவும் தீட்டப்பெற்ற ஒரு பெயரை அவர் மானத்தோடு எடுத்துரைத்தார். இழித்துரைக்கப்பட்ட மக்கள் தம் பெயரை மீட்டுக்கொள்வதும் தம்ம வாழ்வின் ஒரு பகுதியே என்பது அதனால் விளங்கும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். நம்மை அரக்கரென்றும் இழிந்தோரென்றும் சொன்னவர்களை நாம் திரும்ப அரக்கரென்று சொல்லத் தொடங்குவோமாயின், பழைய கதையையே ஆள்மாற்றி நடத்துகின்றோம். பிசினில் ஒட்டிக்கொண்ட கையாகி நிற்கின்றோம். அநீதியை அஞ்சாது எதிர்த்தல் வேண்டும். நான்காம் முறை வெளியே போகமாட்டேன் என்று மறுத்த புத்தரின் உறுதி நமக்கும் வேண்டும். மறுத்தபின் வெறுப்பின்றி அங்கேயே அமர்ந்து வினாவுக்கு விடை கூறிய அவர் அமைதியும் உடன் வேண்டும்.

நம் நூல்களில் வரும் யோசனைக் கணக்கையும் பனையளவு உயரத்தையும் சரித்திரமாகக் கொள்ள வேண்டுவதில்லை. கேள்விப்பட்டதென்றோ, நூலில் உள்ளதென்றோ மட்டும் எதையும் ஏற்காதீர் எனக் காலாமருக்கு உரைத்த ஆசான் நம் ஆசான். பிள்ளைகளுக்கு இக்கதைகளைச் சொல்லும்போது, அரக்கன் எத்துணை உயரம் என்பதோடு நிறுத்தாது, அவன் எதனால் மாறினான் என்று கேளுங்கள். பேராசையும் வெகுளியும் மயக்கமும் நம் உள்ளத்தில் நாள்தோறும் ஓர் உயிரைக் கேட்கும் இயக்கர் என்பதையும், அவற்றைத் தணிப்பதற்கு ஐந்து சீலமும் மைத்திரியும் உள்ளன என்பதையும் அவர்கள் தாமே உணர்ந்துகொள்வர்.

எல்லா உயிரும் இன்புறுக!