கொண்டலாம்பட்டியில் ஒரு வலப்புறத் திருப்பம்

சேலம் பைபாஸைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு நம்பிக்கைகள் தவறாமல் வந்துவிடும். தேசிய நெடுஞ்சாலைகள் சந்திக்கிற இடமென்றால் சென்னைக் கத்திப்பாரா மாதிரி நாலு பக்கமும் வளைந்து இறங்கும் பாலம் இருந்தே ஆக வேண்டும், அதைக் கட்டாமல் விட்டது அதிகாரிகளின் அலட்சியம், இல்லாவிட்டால் பாலத்தடியில் ஹோட்டல் வைத்திருப்பவர்களின் கைவரிசை என்பது ஒன்று. மேம்பாலம் ஒன்றைக் கட்டிவிட்டால் சந்திப்பின் தொல்லை அத்தோடு தீர்ந்தது என்பது மற்றொன்று. முதல் ஆள் அரசைத் திட்டுவார், இரண்டாம் ஆள் திறப்பு விழாவில் கைதட்டுவார். இருவருக்கும் கணக்கு பிசகுவது ஒரே இடத்தில்தான். இருவரும் சாலைகளைப் பார்க்கிறார்கள். அங்கே எத்தனை வண்டிகள் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்று யாரும் கேட்பதில்லை.

சேலத்தின் இருப்பிடம் கொஞ்சம் தனியானது. 2010இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புது எண்கள் கொடுத்தபோது பழைய 7 என்பது 44 ஆனது. பழைய 47இல் சேலம் முதல் கொச்சி வரையான பகுதி 544 ஆனது. உளுந்தூர்பேட்டைக்குப் போகும் 68க்கு 79 என்று பெயர் வந்தது. வாஜ்பாய் காலத்துத் தேசிய நெடுஞ்சாலை மேம்பாட்டுத் திட்டத்தில் ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் வடக்கு–தெற்குப் பெருவழிக்கு ஒரு கொச்சிக் கிளை உண்டு. அது பிரிவது சேலத்தில்தான். தொப்பூர் கணவாய் இறங்கி ஓமலூர், கருப்பூர் தாண்டி வரும் லாரி, நகரின் மேற்கு விளிம்பில் கந்தம்பட்டி வழியாகக் கொண்டலாம்பட்டிக்கு வருகிறது. அங்கே கோவை ரோடு பிரிகிறது. சற்றுக் கிழக்கே சீலநாயக்கன்பட்டியில் நாமக்கல் ரோடு தெற்கே இறங்குகிறது. அதையும் விட்டு நேரே போனால் உளுந்தூர்பேட்டை, சென்னைத் திசை. வரைபடத்தில் சாலைகள் ஒன்றையொன்று வெட்டுவது போலத் தெரிந்தாலும், நெடுந்தூர வண்டிகளுக்கு இவை கிளை பிரியும் இடங்கள். மற்ற விவகாரம் எல்லாம் இந்த வேறுபாட்டிலிருந்துதான் கிளம்புகிறது.

ஒரு நாற்சந்தியில் பன்னிரண்டு வகை ஓட்டங்கள் உண்டு. ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் நேரே போவது, இடப்பக்கம் திரும்புவது, வலப்பக்கம் திரும்புவது. நம் ஊரில் வண்டி இடப்பக்கம் ஓடுவதால் இடத்திருப்பம் யாரையும் குறுக்கே வெட்டுவதில்லை. ஒதுக்கமாக ஒரு தடம் போட்டால் போதும். தொல்லை முழுவதும் நேர் ஓட்டத்திலும் வலத்திருப்பத்திலும்தான். சாதாரண நாற்சந்தியில் வண்டிகள் மோதிக்கொள்ள வாய்ப்புள்ள புள்ளிகள் 32 என்பது போக்குவரத்துப் பொறியியலின் பாலபாடம். மேம்பாலம் என்ன செய்கிறது? ஒரு சாலையின் நேர் ஓட்டத்தைத் தூக்கி மேலே அனுப்பிவிடுகிறது. அதோடு அதன் வேலை முடிந்தது. திரும்ப வேண்டியவர் சர்வீஸ் ரோட்டில் இறங்கி, பாலத்தடி ரவுண்டானாவைச் சுற்றி, மறுபடி ஏற வேண்டும். குறுக்கே போகிறவனுக்குப் பாலம் வரம். திரும்புகிறவனுக்கு அது தலைக்கு மேலே போகும் வேறு யாருடைய சாலையோ.

அதற்காக ரவுண்டானாவைத் திட்டித் தீர்ப்பதும் நியாயமில்லை. ஒரு தட ரவுண்டானாவில் மோதல் புள்ளிகள் 32இலிருந்து 8ஆகக் குறைகின்றன. நேருக்கு நேர் வெட்டும் புள்ளி ஒன்றுகூட இல்லை, வேகமும் தானாகக் குறைகிறது. வலத்திருப்பம் அதிகமுள்ள சந்திப்புக்கு ரவுண்டானாவே பொருத்தம் என்றுதான் இந்திய சாலைக் காங்கிரஸின் பழைய வழிகாட்டியும் சொல்கிறது. ஆனால் அதே வழிகாட்டி ஒரு வரம்பும் வைக்கிறது: எல்லாப் பக்கமும் சேர்த்து மணிக்குச் சுமார் 3,000 வண்டிகள், அதற்கு மேல் போனால் வட்டம் தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும். பாலமும் வளைவுமாகக் கட்டும் செலவை நியாயப்படுத்த அதே அமைப்பு வேறோர் அளவு வைத்திருக்கிறது: எல்லாப் பக்கமும் சேர்த்து மணிக்குப் 10,000 பிசியு. பிசியு என்பது எல்லா வண்டிகளையும் காராக மாற்றிப் போடும் கணக்கு. கார் 1, பைக் அரை, இரண்டு அச்சு லாரி 3, டிரெய்லர் 4.5. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று லாரித் தொழிலும் போர்வெல் ரிக் வண்டித் தொழிலும் செழித்த வட்டாரத்தில் இந்தக் கணக்கு எப்படி மாறும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு டிரெய்லர் ஒன்பது பைக்குகளுக்குச் சமம். வேறோர் ஊரில் வெறும் எண்ணிக்கையாகத் தோன்றுகிற வண்டி வரிசை இங்கே மூன்று, நான்கு மடங்காகப் பெருகும். தலை எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு 'அவ்வளவு கூட்டமில்லையே' என்று சொல்வது இந்த மண்ணில் எடுபடாது.

அப்படியானால் நாலு இலை போல வளைவுகள் போட்டு இங்கேயும் ஒரு கத்திப்பாரா கட்டிவிடலாமே? 2008இல் திறந்த கத்திப்பாராவின் புகழ் நமக்கு அந்த வடிவத்தின் மேல் ஒரு மோகத்தை உண்டாக்கிவிட்டது. அந்த வடிவத்தில் வலப்பக்கம் திரும்ப வேண்டியவர் பாலத்தைத் தாண்டிப் போய், இடப்பக்கமாக முக்கால் வட்டம் சுற்றித் திரும்பி வருவார். அந்த வட்டம் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பதை வேகம்தான் தீர்மானிக்கிறது. நம் நாட்டில் வழக்கமாக வைத்துக்கொள்ளும் சாய்மானத்தையும் உராய்வையும் போட்டுக் கணக்கிட்டால், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு ஆரம் சுமார் 57 மீட்டர் வருகிறது, 60 கிலோமீட்டருக்கு 129 மீட்டர். முதல் வட்டத்தின் உள்நிலம் மட்டும் இரண்டரை ஏக்கர். இரண்டாவது, கிட்டத்தட்ட பதின்மூன்று ஏக்கர். நாலு வட்டத்துக்கு முறையே 10 ஏக்கர், 50 ஏக்கருக்கு மேல்; வெளிவளைவுகளுக்கான நிலம் இதில் சேரவில்லை. கொண்டலாம்பட்டியைச் சுற்றி அவ்வளவு வெற்றிடம் எங்கே இருக்கிறது? வீடும் தறியும் பட்டறையும் நெருங்கிய பகுதி அது. நிலத்தைக் குறைக்க வட்டத்தைச் சிறிதாக்கினால் லாரிக்கு ஆபத்து. குறிப்பாக நாமக்கல்லின் பெயர் சொல்லும் எரிவாயு டேங்கருக்கு. எடை உயரத்தில் இருக்கும், தொட்டி முழுக்க நிரம்பாதபோது உள்ளே திரவம் ஒரு பக்கமாக அலைமோதும். அப்படிப்பட்ட வண்டியை நெடுஞ்சாலை வேகத்திலிருந்து திடீரென ஒரு குறுகிய வளைவுக்குள் தள்ளினால் அது கவிழக் காரணம் வேறு வேண்டாம். போதாக்குறைக்கு, ஒரு வட்டத்திலிருந்து ஏறுகிற வண்டியும் அடுத்த வட்டத்தில் இறங்கப் போகிற வண்டியும் ஒரே குட்டைத் தடத்தில் ஒன்றையொன்று கடக்க வேண்டியிருக்கும். இந்தக் குறைக்காகவே மேலைநாடுகளில் பழைய நாலிலைகள் சிலவற்றில் வட்டங்களைப் பிடுங்கிவிட்டு வேறு வளைவு போடுகிறார்கள். நாலிலை கிடைக்காதது ஏதோ இழப்பு என்ற எண்ணத்தை விட்டுவிடலாம்.

அடுத்தது 'கைவரிசை' கதை. இதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள ப்ரீஸ்வுட். இன்டர்ஸ்டேட் 70இல் விரைந்து வருகிறவர்கள், சுங்கச் சாலையான பென்சில்வேனியா டர்ன்பைக்கில் ஏற, சிக்னல்களும் பெட்ரோல் பங்குகளும் விடுதிகளும் நிறைந்த ஒரு சாதாரண சாலைத் துண்டைக் கடந்தாக வேண்டும். விடுதிக்காரர்கள்தான் இணைப்பைத் தடுத்தார்கள் என்று ஊரே சொல்லும். ஆனால் காரணம் சட்டத்தில் இருந்தது. 1956ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டப்படி, சுங்கச் சாலையோடு நேரடியாக இணைக்கும் பாலத்துக்கு மத்திய அரசின் பணம் வேண்டுமென்றால், கடன் தீர்ந்ததும் சுங்கத்தை நிறுத்துவதாக ஒப்புக்கொள்ள வேண்டும். டர்ன்பைக் ஒப்புக்கொள்ளவில்லை. சாலை அப்படிப் பிறந்த பிறகு அதை நம்பி வியாபாரம் வளர்ந்தது; வளர்ந்த வியாபாரம் பிற்பாடு மாற்றத்தை விரும்பவில்லை. காரணமும் விளைவும் இடம் மாறிப்போய்க் கதையாகிவிட்டன. அதே டர்ன்பைக்கைப் பிரிஸ்டல் அருகே இன்டர்ஸ்டேட் 95 பல பத்தாண்டுகளாக இணைப்பே இல்லாமல் கடந்துகொண்டிருந்தது. 2018 செப்டம்பரில் அங்கே ஒருவழியாக நேரடி வளைவுகள் திறக்கப்பட்டன. எல்லாத் திசைக்கும் அல்ல. இன்டர்ஸ்டேட் 95 அறுபடாமல் தொடர எந்த இரண்டு ஓட்டங்கள் தேவையோ, முதல் கட்டமாக அவற்றுக்கு மட்டும். சேலத்துக்காரர்கள் ப்ரீஸ்வுட்டை விட இந்தப் பிரிஸ்டலைக் கவனிப்பது நல்லது.

நம்மிடம் அப்படியொரு சட்டச் சிக்கல் கிடையாது. ஓமலூர், ராசம்பாளையம், வைகுந்தம், மேட்டுப்பட்டி என்று சேலத்திலிருந்து பிரியும் ஒவ்வொரு சாலையிலும் டோல்கேட் தனித்தனியாக நிற்கிறது. ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் கணக்குப் பார்க்கும் மூடிய முறை இங்கே இல்லாததால், ஒரு சாலையிலிருந்து இன்னொன்றுக்கு வளைவு போடுவதைச் சுங்கம் தடுக்காது. நிலமும் பணமும் தடுக்கலாம். அவற்றைச் சிக்கனமாகச் செலவழிக்கத்தான் எந்தத் திருப்பம் என்று குறிவைத்துக் கேட்க வேண்டும். கோவையிலிருந்து வந்து பெங்களூர்ப் பக்கம் போகிறவருக்குக் கொண்டலாம்பட்டியில் இடத்திருப்பம். அவர் யாரையும் வெட்ட வேண்டியதில்லை. பெங்களூரிலிருந்து வந்து கோவைக்குப் போகிறவருக்கு வலத்திருப்பம். நாட்டின் பெருவழி ஒன்று தன் கிளைக்கு மாறுகிற ஓட்டத்தில் சிக்கலானது இந்த ஒரு வளைவுதான். சீலநாயக்கன்பட்டியிலும் இதே கதை: நாமக்கல்லிலிருந்து வடக்கே போகிறவர் இடப்பக்கம் ஒதுங்கிவிடலாம், வடக்கிலிருந்து நாமக்கல் போகிறவர் வலப்பக்கம் திரும்ப வேண்டும். ஆக, கேள்வி நாலு இலையைப் பற்றியதே இல்லை. ஒரு சந்திப்புக்கு ஒரு திருப்பம். நாலிலைக்கு ஐம்பது ஏக்கர் கேட்கிற இடத்தில், ஒரு பக்கத்துக்கு மட்டும் தூண்மேல் போகும் வளைவுப் பாலம் அதில் சிறு பங்கு நிலத்தில் அடங்கிவிடும்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. திரும்புகிறவர்கள் அப்படியொன்றும் அதிகமில்லை, பெங்களூர்–கோவைக் கார்கள் பலவும் சேலத்துக்கே வருவதில்லை என்பார்கள். உண்மைதான். தொப்பூரிலேயே பிரிந்து மேட்டூர், அம்மாப்பேட்டை வழியாகப் பவானியில் 544ஐப் பிடிக்கலாம். ஓமலூரில் பிரிந்து தாரமங்கலம் வழியாகச் சங்ககிரிக்கும் போகலாம். ஆனால் இந்த வாதம் தனக்கே எதிராகத் திரும்புகிறது. சந்திப்பு வசதியாக இருந்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் பைபாஸிலேயே வந்திருப்பார்கள்? தொப்பூர்–பவானி வழி தூரத்தில் குறைவு என்பதால் ஒரு பகுதியினர் எப்படியும் அதைத்தான் பிடிப்பார்கள். மற்றவர்கள் ரவுண்டானாவுக்குப் பயந்து ஊர்களுக்குள் புகுந்து போகிறவர்கள். அவர்களைச் சந்திப்பில் நின்று எண்ணினால் அகப்பட மாட்டார்கள்.

இன்னொரு மறுப்பை இவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. நம் நான்குவழிச் சாலைகள் பெயருக்குத்தான் விரைவுச் சாலை. பாலத்தடியில் டவுன் பஸ் நிற்கிறது, கல்லூரிப் பிள்ளைகள் ரோட்டைக் கடக்கிறார்கள், ஷேர் ஆட்டோ குறுக்கே வருகிறது. வளைவிலிருந்து அறுபதில் இறங்கும் லாரியை இந்தக் கூட்டத்துக்குள் விட்டால், ரவுண்டானா தந்த பாதுகாப்பும் போய்விடும். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சர்வீஸ் ரோட்டையும் பெருவழியையும் உண்மையிலேயே பிரித்து, வளைவு முடிகிற இடத்திலிருந்து நெடுந்தூரத்துக்குப் பஸ் நிறுத்தமும் நடுத்திட்டில் இடைவெளியும் இல்லாமல் செய்தால் மட்டுமே நேரடி இணைப்புக்கு அர்த்தம். அதைச் செய்ய மனமில்லை என்றால் ரவுண்டானாவே மேல். மேம்பாலம் கட்டியதும் எல்லாம் முடிந்தது என்று நம்புகிறவர்கள் கவனிக்காமல் விடுவதும் இந்தக் கீழ்த்தளத்தைத்தான்.

சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைத் திட்டம் 2018இல் வந்தபோது 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய் என்று பேச்சு ஓடியது. நிலம் கையகப்படுத்தும் அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் ரத்து செய்தது. கையகப்படுத்தும் வேலையைத் தொடரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் வழிவிட்டது. நிலத்துக்காக விவசாயிகள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அந்தச் சாலை அரியானூரில் கோவை ரோட்டைத் தொட்டு முடிவதாக இருந்தது. அங்கே வந்து இறங்கும் சென்னை வண்டிகள் எந்தப் பக்கம், எத்தனை, எந்த வளைவில் திரும்பும் என்ற கேள்விக்கு அந்தச் சத்தத்தில் இடம் கிடைக்கவில்லை. அப்படியொரு திட்டம் மீண்டும் வந்தால் முதலில் கேட்க வேண்டியதும் இதுதான்.

கணக்கு எடுக்க ஆட்களைக் கையில் நோட்டோடு ரோட்டோரம் உட்கார வைக்க வேண்டிய காலமும் போய்விட்டது. 2021 பிப்ரவரியிலிருந்து ஃபாஸ்டேக் கட்டாயம். ஓமலூரில் பதிவான எண் சிறிது நேரத்தில் வைகுந்தத்தில் பதிவானால், அது சேலத்தில் கோவைப் பக்கம் திரும்பிய வண்டி. ராசம்பாளையத்தில் பதிவானால் நாமக்கல் பக்கம். தொப்பூருக்கு வடக்கே பாளையம் டோல்கேட்டில் தெரிந்து, ஓமலூரையும் வைகுந்தத்தையும் தொடாமல் விஜயமங்கலத்தில் தெரிகிற எண்கள் சேலம் பைபாஸுக்கு வராமல் நழுவியவை. வண்டி எண்ணையும் உரிமையாளர் பெயரையும் நீக்கிவிட்டு, மணிவாரியாகவும் வண்டி வகைவாரியாகவும் இந்தப் பட்டியலை நெடுஞ்சாலை ஆணையம் வெளியிடலாம். லாரிக்கு 3, டிரெய்லருக்கு 4.5 என்று போட்டுப் பார்க்க அரை நாள் போதும்.