முதல் போன் வீட்டுக்கு

மில்லிலோ கம்பெனியிலோ ஏதாவது ஒன்று நடந்துவிட்டால் முதலாளிமார் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "பேப்பர்ல வந்திருமா?" என்பதுதான். கப்பலூர் சிட்கோவில் தொடங்கி வாடிப்பட்டி, திண்டுக்கல் வரை நான் வேலை பார்த்த, யோசனை சொல்லப் போன இடங்களிலெல்லாம் இந்தக் கேள்வி மாறியதே இல்லை. வரும் என்றுதான் சொல்வேன். பேப்பரில் வராவிட்டால் வாட்ஸப்பில் வரும். அதிலும் வராவிட்டால் விடிவதற்குள் சுவரில் போஸ்டராக வரும். மதுரை அப்படி. நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: "வீட்டுக்குச் சொல்லியாச்சா?"

எச்.ஆர்., மக்கள் தொடர்பு என்று இரண்டிலுமாக என் பிழைப்பு ஓடியிருக்கிறது. நெருக்கடி நேரத்தில் ஒரு நிறுவனத்தின் பெயரைத் தூக்கி நிறுத்துவதும் கவிழ்ப்பதும் அங்கே வேலை பார்ப்பவரின் வீட்டில் நடக்கும் பேச்சுதான் என்பது பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. நிருபர் நம்மிடம் பேசிவிட்டு நேராக அந்த வீட்டுக்குத்தான் போவார். அங்கே என்ன கிடைக்கிறதோ அதுதான் தலைப்பு.

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நடந்ததை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 250-க்கும் மேற்பட்டோருக்கு உடம்பு கெட்டது. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். யாரும் சாகவில்லை. ஆனால் போனவர்கள் விடுதிக்குத் திரும்பவில்லை. எங்கே இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று கூட இருந்த பெண்களுக்குத் தெளிவாகச் சொல்ல ஆளில்லை. சிலர் இறந்துவிட்டார்கள், மறைக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. டிசம்பர் 17 இரவு தொடங்கி சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் பெண்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். சிகிச்சையில் இருந்தவர்களை வீடியோ காலில் காட்டி, இதோ உயிரோடுதான் இருக்கிறார்கள் என்று நிரூபிக்கும் வேலை கடைசியில் மாவட்ட ஆட்சியர் தலையில் விழுந்தது.

அந்த வீடியோ காலை ஒரு வார்டன் முதல் நாளே தன் போனில் செய்திருக்கலாம் என்றுதான் இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. பிறகு நடந்தது உலகச் செய்தி. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று சொல்லி, டிசம்பர் 29 அன்று ஆப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. உள்ளூர் நிர்வாகத்தை மாற்றி அமைப்பதாகவும், வசதிகளைச் சரிசெய்யும் வரை எல்லோருக்கும் சம்பளம் தொடரும் என்றும் ஃபாக்ஸ்கான் அறிவித்தது. 2022 ஜனவரி 12 அன்று ஆலை மறுபடி ஓடத் தொடங்கியது. அந்த அறிக்கைகளில் ஊரில் இருக்கும் தாய்க்கும் தகப்பனுக்கும் விளங்கக்கூடிய வரி அந்தச் சம்பள வரிதான். நல்ல அறிக்கைக்கு நான் வைத்திருக்கும் அளவுகோலும் அதுவே.

இனி எங்கள் பக்கத்துக் கதை. வாடிப்பட்டிப் பக்கம் ஒரு நூற்பாலை, பெயர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு விடுதியில் பெண்கள் ஒவ்வொருவராக வாந்தி எடுக்க ஆரம்பித்தார்கள். மில் வேனிலும் 108-லுமாக மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையான பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எனக்குப் போன் வந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. வீடுகளுக்குச் சொல்லலாம் என்று விடுதிப் பதிவேட்டை விரித்தால், இருந்ததெல்லாம் அப்பாமாரின் பழைய எண்கள். ஒன்று உபயோகத்தில் இல்லை, ஒன்று சுவிட்ச் ஆஃப், இன்னொன்றை எடுத்தவர் யாரோ அசலூர்க்காரர்.

சரியான எண்கள் யாரிடம் இருந்தன தெரியுமா? பக்கத்துக் கட்டில் பெண்களிடம். அண்ணன் எண், சித்தி எண், தெருமுனைக் கடைக்காரர் எண் என்று எல்லாம் அவர்கள் போனில் இருந்தது. வார்டன் அறையில் அவர்களையே உட்கார வைத்தோம். "அத்தை, நாந்தான் பேசுறேன், உங்க மக கூட இருக்கவ. பயப்படாதீங்க. ட்ரிப்ஸ் ஏத்திருக்காங்க, பெரியாஸ்பத்திரியில இருக்கா. விடிஞ்சதும் வண்டி வரும், அதுல வந்துருங்க." நான் பேசியிருந்தால் அந்த அம்மாவுக்குப் பாதி நம்பிக்கைகூட வந்திருக்காது. ஒருவர் மட்டும் என்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். "ஐயா, எம்புள்ள உசுரோட இருக்காளா? அத மட்டும் சொல்லுங்க." "இருக்காம்மா. இப்பத்தான் பாத்துட்டு வந்த நர்சம்மாகிட்ட பேசினேன். வார்டுல போன் வச்சிருக்க ஆளோட நம்பர் தாரேன், நீங்களே பேசுங்க" என்றேன்.

விடிந்ததும் உசிலம்பட்டிக்கும் பேரையூருக்கும் மில் வண்டிகள் போய்ப் பெற்றோரை ஏற்றி வந்தன. அவர்கள் வந்து இறங்கும்போது நிருபர்கள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். பெரியாஸ்பத்திரிப் புறக்காவல் நிலையத்தில் பதிவாகும் எதுவும் அவர்களுக்குத் தெரியாமல் போகாது. மறைக்கலாம் என்று நினைப்பது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் பொய். ஒரு அம்மாவிடம் மைக்கை நீட்டினார்கள். "ராத்திரியே சொல்லிட்டாங்க, வண்டியும் விட்டாங்க. ஆனா சாப்பாடு போடுற லட்சணம் சரியில்ல, அத எழுதுங்க" என்றார். மறுநாள் இரண்டும் வந்தது. முதலாளி இரண்டாவது பாதியைக் காட்டி முகம் சுளித்தார். முதல் பாதிக்கு அவர் எனக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

அன்று காலை நாங்கள் கொடுத்த பிரஸ் நோட்டின் சாரம் இதுதான். நேற்றிரவு விடுதியில் சாப்பிட்ட இத்தனை பேருக்கு உடல்நலம் பாதிக்கப்பட்டது. அனைவரும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறார்கள். சமையலறை மூடப்பட்டது, உணவு, தண்ணீர் மாதிரிகள் உணவுப் பாதுகாப்புத் துறையிடம் கொடுக்கப்பட்டன. சிகிச்சையில் இருக்கும் நாட்களுக்கு முழுச் சம்பளம் உண்டு. குடும்பத்தினர் கூப்பிட வேண்டிய எண் இது. அடுத்த தகவல் மாலை நான்கு மணிக்கு. அவ்வளவுதான், அரைப் பக்கம். இதில் கடைசி வரி முக்கியம். நான்கு மணிக்குச் சொல்லப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும், ஒன்றும் இல்லை என்பதையாவது நான்கு மணிக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடும் இடைவெளியில்தான் வதந்தி குடியேறும். மாலைப் பத்திரிகைகளுக்கு மதியத்துக்கு முன்பே செய்தி போய்ச் சேர வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். பன்னிரண்டு மணிக்கு மேல் நீங்கள் அனுப்பும் விளக்கம் மறுநாள் காலைக்குத்தான் ஆகும்.

முதல் வரைவில் நான் அடித்துவிடும் சொற்கள் சில உண்டு. "சிறு அசம்பாவிதம்" என்பது ஒன்று. சிறிதா பெரிதா என்பதை அடிபட்டவர் சொல்லட்டும். "விஷமிகள் பரப்பும் வதந்தி" என்பது இன்னொன்று. பதறிப்போய்க் கேட்கும் அண்ணன்காரனை விஷமி என்று ஏசுகிறீர்கள் என்றுதான் அதற்குப் பொருள். எல்லாவற்றையும் விட மோசமானது, "அவர் எங்கள் தொழிலாளி இல்லை, காண்டிராக்ட்காரருடைய ஆள்" என்பது. சட்டப்படி அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அவர் போட்டிருந்த சட்டையில் உங்கள் கம்பெனிப் பெயர், கழுத்தில் தொங்கிய அட்டையில் உங்கள் கம்பெனிப் பெயர், ஏறி வந்த வேனிலும் அதே பெயர். அந்த ஒரு வாக்கியத்தால் உள்ளே இருக்கும் நிரந்தரத் தொழிலாளியும், நாளைக்கு நமக்கும் இதுதான் என்று கணக்குப் போட்டுவிடுவார்.

வக்கீல்கள் இதற்கெல்லாம் குறுக்கே நிற்பார்கள், அது அவர்கள் வேலை. எதையும் பேசாதே என்பார்கள். நான் அவர்களோடு செய்துகொள்ளும் உடன்பாடு எளியது: என்ன நடந்தது, என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதைச் சொல்வேன், ஏன் நடந்தது, யார் காரணம் என்பதை விசாரணை முடியும் வரை தொடமாட்டேன். இழவு வீட்டில் போய் நின்று வருத்தம் சொல்வதற்கு யாரிடமும் அனுமதி கேட்க மாட்டேன். இழப்பீட்டுத் தொகையைக் குடும்பத்துக்குச் சொல்வதற்கு முன் நிருபர்களுக்குச் சொல்வதும் கூடாது, டி.வி.யைப் பார்த்துத் தன் பிள்ளையின் விலையைத் தெரிந்துகொள்ளும் தகப்பன் உங்களை ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டார்.

"கவர் கொடுத்தா அமுக்கிரலாமே" என்று யாராவது ஒரு மேனேஜர் காதைக் கடிப்பார். வேண்டாம். கொடுத்தது தெரிந்தால் அது தனிச் செய்தி.

எங்கள் வட்டாரத்து மில்களுக்குப் பழைய சுமை ஒன்று இருக்கிறது. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை வேலைக்கு எடுத்து, ஒப்பந்தக் காலம் முடிந்தபின் மொத்தப் பணம் என்று நடத்தியதைப் பற்றி நெதர்லாந்திலுள்ள சோமோ, ஐ.சி.என். அமைப்புகள் 2011-லும் 2014-லும் அறிக்கைகள் வெளியிட்டன. வெளிநாட்டுப் பிராண்டுகள் கேள்வி மேல் கேள்வி கேட்டன. இங்கே நம் ஆட்கள் பலரும் மறுப்பு எழுதுவதில்தான் மும்முரமாக இருந்தார்கள். மறுப்பு ஐரோப்பாவில் யாராவது ஒரு அதிகாரியைச் சமாதானப்படுத்தியிருக்கலாம். சேடப்பட்டியில் மகளை மில்லுக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிற தாயிடம் அது செல்லாது.

இதற்கு மாறாக நான் எல்லோருக்கும் எடுத்துச் சொல்வது திண்டுக்கல் ஒப்பந்தத்தை. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டம் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அதே ஆலையின் மேற்பார்வையாளர் கைதானார். அதன் பிறகு வேறு பெண்களும் தங்களுக்கு நேர்ந்த தொல்லைகளைச் சொல்ல முன்வந்தார்கள். வெளிநாட்டு ஆடை பிராண்டான எச் அண்ட் எம் அங்கே துணி வாங்கிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு நிலையில் எந்த விளம்பர ஏஜென்சி வந்தும் ஒன்றும் ஆகாது. ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் 2022 ஏப்ரலில், பெண்கள் தலைமையில் நடக்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியனோடும் இரண்டு சர்வதேசத் தொழிலாளர் அமைப்புகளோடும் ஒப்பந்தம் போட்டது. எச் அண்ட் எம்மும் சேர்ந்தது, பிறகு கேப், பி.வி.எச். நிறுவனங்களும் சேர்ந்தன. தொழிலாளிப் பெண்களையே தளக் கண்காணிப்பாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். முதல் ஆண்டில் எழுந்த 185 குறைகளில் 182 தீர்க்கப்பட்டதாக அறிக்கை வந்தது.

அந்த எண்ணைப் பார்த்து ஒரு முதலாளி என்னிடம், "அடேயப்பா, 185 புகாரா? அத எதுக்குய்யா வெளிய சொன்னாங்க?" என்றார். அதுதான் விஷயமே. புகார் பூஜ்யம் என்று எழுதும் ஆலையை விவரம் தெரிந்த எவரும் நம்புவதில்லை. 2022 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை அந்த ஆலைச் சரக்குக்குத் தடை போட்டது, ஆனால் செப்டம்பரிலேயே அது தளர்ந்தது. சங்கத்தோடு போட்ட ஒப்பந்தம் கையில் இருந்தது அதற்கு உதவியது. எத்தனை பிரஸ் மீட் வைத்தால் இது நடக்கும்?

வடக்கத்தியத் தொழிலாளர்கள் விஷயம் இன்னொரு மாதிரி. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவியதும், டி.ஜி.பி. சைலேந்திர பாபு மறுத்துப் பேச வேண்டி வந்ததும், பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்ததும் நினைவிருக்கும். அப்போது சில கம்பெனிகள் தொழிலாளர்களை வரிசையாக நிற்க வைத்து, "ஹம் யஹாங் குஷ் ஹைங்" (நாங்கள் இங்கே சந்தோஷமாக இருக்கிறோம்) என்று சொல்ல வைத்து வீடியோ எடுத்தன. பின்னால் சூப்பர்வைசரின் நிழல் தெரிந்தது. நான் சொன்ன யோசனை வேறு: ஷிஃப்டுக்கு நடுவே அரை மணி நேரம் விடுங்கள், அவரவர் போனில் அவரவர் வீட்டுக்குப் பேசட்டும், நீங்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஊருக்குப் போகிறேன் என்பவரைத் தடுக்காதீர்கள், டிக்கெட் எடுத்துக் கொடுங்கள். ஹோலி முடிந்து திரும்பி வருவதற்கு அதைவிட நல்ல அழைப்பு கிடையாது.

மில்லின் பெயர் வீட்டுப் பேச்சில் நிற்பது மதுரைக்குப் புதிதும் இல்லை. ஹார்வி மில் தொழிலாளர்களுக்காக உருவான ஹார்விபட்டி இன்னும் அந்தப் பெயரோடுதான் இருக்கிறது. வேலைநிறுத்தம், கதவடைப்பு என்று எல்லாம் பார்த்த மில்தான். ஆனாலும் மில்லில் வேலை என்றால் பெண் கொடுத்த காலம் ஒன்று இருந்ததைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள்.

நெருக்கடி ஓய்ந்ததும் பேப்பர் கட்டிங்குகளை ஃபைல் போட்டுக்கொண்டு, நல்ல செய்தி இத்தனை, கெட்ட செய்தி இத்தனை என்று எண்ணிக் காட்டச் சொல்வார்கள். காட்டுவேன். எனக்கு நான் வைத்திருக்கும் கணக்கு வேறு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போன பெண்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்? வந்தவர்களில் எத்தனை பேர் சித்தி மகளையோ பக்கத்து வீட்டுப் பெண்ணையோ கூட்டிக்கொண்டு வந்தார்கள்? இரண்டாவது எண் விழுந்துவிட்டால், ஆள் பிடிக்கும் புரோக்கருக்குக் கமிஷனை ஏற்றுவதைத் தவிர வழியிருக்காது, அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான்.

அடுத்த மகளிர் தினத்துக்கு முழுப் பக்க விளம்பரம் கொடுக்கலாமா என்று கேட்கிறவர்களிடம், தாராளமாகக் கொடுங்கள், ஆனால் அதற்கு முன் விடுதிப் பதிவேட்டுக்கென்று ஒரு ஆளைப் போடுங்கள் என்பேன். ஒவ்வொரு பெண்ணுக்கும் வீட்டு எண் இரண்டு, ஊரில் எப்போதும் போன் எடுக்கக்கூடிய இன்னொருவர் எண் ஒன்று. விடுமுறைக்குப் போகும்போது எண்ணைச் சரிபார்த்துவிட்டுத்தான் கேட் பாஸ். மாதத்துக்கு ஒரு தடவை சும்மா நாலு எண்ணைக் கூப்பிட்டு, மணி அடிக்கிறதா என்று வார்டனைப் பார்க்கச் சொல்லுங்கள்.