வில் செய்யும் முறை

மல்லசமுத்திரம் வட்டாரத்துக் கிராமங்களில் ஏர்க்கலப்பையும் கட்டை வண்டியும் செய்துவந்த தச்சர்களுக்கு, டிராக்டர் வந்தபின் வேலை குறைந்துவிட்டது. அவர்களுடைய வாச்சியும் உளியும் செய்யத்தக்க தொழில்களுள் வில் செய்தலும் ஒன்று. பள்ளிச் சிறுவர்க்கு வில்வித்தை கற்பிக்க விரும்பும் ஊராட்சிகள், விலையுயர்ந்த வில்லைத் தருவிக்க இயலாது திகைக்கின்றன. இந்நிலையில் இத்தொழிலைப் பற்றி அறிந்துகொள்வது இரு சாராருக்கும் பயனுடையதாகும்.

நமது மாவட்டத்துக்கு வில் புதிதன்று. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் அம்பு யானை முதல் உடும்பு வரை ஊடுருவிச் சென்றதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியுள்ளார். ஆடி மாதத்தில் அம்மலையில் அரசு நடத்தும் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டியும் நடப்பதுண்டு.

அமெரிக்காவில் வெள்ளை ஆஷ் என்னும் மரத்தில் வில் செய்கின்றனர். நார் நேராக ஓடுவதும், வளைத்தால் மீண்டும் நிமிர்வதும் அதன் சிறப்பு. 2002-ஆம் ஆண்டில் அங்கே கண்டறியப்பட்ட ஒரு பச்சை வண்டு அம்மரங்களைக் கோடிக்கணக்கில் அழித்துவிட்டது. அது நமக்குக் கிடைக்கும் மரமும் அன்று. அதன் இடத்தில் நாம் கொள்ளத்தக்கது, நமது மலைக்காடுகளில் வளரும் சடச்சி மரம். கோடரிக் காம்புக்கும் வண்டி ஏர்க்காலுக்கும் பெயர்பெற்ற இதனை வடமொழியில் வில்மரம் என்றே பொருள்படும் பெயரால் வழங்கினர். ஆனால் காட்டு மரத்தை அனுமதியின்றி வெட்டுதல் குற்றம். வரப்போரம் நட்டு வளர்த்தலே தக்க வழியாகும்.

அதுவரை கல் மூங்கில் போதும். அதன் தண்டு ஏறத்தாழக் கெட்டியாகவே இருக்கும். வனச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபின், காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் அச்சட்டத்தில் மரமாகக் கருதப்படுவதில்லை. மூன்று, நான்கு ஆண்டு முற்றிய கழியை மழைக்காலம் கழிந்தபின் வெட்டுக. சில வாரம் நீரில் ஊறப்போட்டால் மாவுச்சத்து கரைந்து, உளுத்துப்போவது குறையும். பிறகு நிழலில் உலர்த்துக. வெயிலில் போட்டால் வெடித்துவிடும்.

மரத்தில் செய்வதாயின், கணுவும் முறுக்கும் இல்லாத ஐந்தரை அடித் துண்டை ஆப்பு வைத்துப் பிளக்க வேண்டும். வாளால் அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்படும். துண்டின் இரு முனைகளிலும் மெழுகோ சாணமோ பூசி, பல மாதங்கள் நிழலில் காயவிடுக. எய்பவனுக்கு எதிர்ப்புறம் நோக்குவது வில்லின் முதுகு. அவன் பக்கம் இருப்பது வயிறு. வளைக்கும்போது முதுகு இழுபடுகிறது; வயிறு நசுங்குகிறது. ஆகவே முதுகில் பட்டைக்கு அடுத்த நார் முனை முதல் முனை வரை அறுபடாமல் இருத்தல் வேண்டும். மூங்கிலிலும் மேல்தோலை அப்படியே விட்டு, உட்புறத்தை மட்டும் சீவ வேண்டும். வலிமை முழுவதும் தோலை ஒட்டியே உள்ளது.

இதனை நாம் பட்டே அறிந்தோம். முதன்முதலில் செய்த வில் அழகாக இருக்கட்டும் என்று முதுகையும் இழைப்புளியால் மழமழவென்று இழைத்துவிட்டோம். மூன்றாம் முறை இழுத்தபோது அது முறிந்து, ஒரு சிம்பு கண்ணுக்கு ஓரங்குலம் தள்ளிக் கன்னத்தில் தைத்தது. நம் கையில் முறிந்ததனால் தழும்போடு போயிற்று. ஒரு மாணவன் கையில் முறிந்திருந்தால்?

நடுவில் நான்கு அங்குலம் பிடிக்குத் தடிப்பாக விட்டு, இரு புறமும் ஒன்றரை அங்குல அகலத்தில் தொடங்கி முனை நோக்கிக் குறுக்குக. பிறகு வருவதே பொறுமை வேண்டும் வேலை. நாண் பூட்டி, வில்லைச் சுவரில் ஒரு முளையில் மாட்டி, நாணைக் கயிற்றால் சிறிது சிறிதாகக் கீழே இழுத்துப் பாருங்கள். வளையாத இடத்தில் வயிற்றுப்புறம் அரத்தால் தேய்க்க வேண்டும். மிகுதியாக வளையும் இடத்தைத் தொடவே கூடாது. தேய்த்த ஒவ்வொரு முறையும் இருபது தடவை மெல்ல இழுத்துவிட்டே மீண்டும் பார்க்கவேண்டும். இரு கைகளும் ஒரே பிறைபோல் வளையும் வரை இவ்வேலை நீளும். ஒரு பகல் முழுதும் சென்றாலும் வியப்பில்லை. தூக்குத் தராசை நாணில் மாட்டி, இருபத்துநான்கு அங்குலம் இழுக்க ஏழு, எட்டுக் கிலோ காட்டினால் சிறுவர்க்கு அது போதுமான வலிமை.

நாணுக்குச் சணப்பு நார் உதவும். நைலான் நீளும், ஆகாது. எய்து முடித்ததும் நாணைக் கழற்றிவிடுக. அம்பில்லாமல் நாணை இழுத்து விடுவது வில்லை உடைக்கும்.

பயிற்சிக்கு இடம் ஒதுக்கும் ஊராட்சி, வைக்கோல் பிரியை இறுகச் சுற்றி இலக்கு அமைத்து, அதன் பின்னே ஆளுயர மண்கரை எழுப்பவேண்டும். மேய்ச்சல் வழியும் நடைபாதையும் அப்பக்கம் இருக்கலாகாது. வேட்டைக்கு இவ்வில்லைக் கொண்டு செல்லுதல் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமென்பதைச் சிறுவர்க்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மூங்கில் வில்லால் 50, 30 மீட்டர் தூரத்தில் எய்யும் இந்தியன் ரவுண்ட் என்னும் போட்டிப் பிரிவும் நம் நாட்டில் உண்டு. முதல் வில்லைத் தச்சரே இழுத்துப் பார்த்தபின் மாணவர் கையில் கொடுக்கலாம்.