வழி தவறினால் வாத்தியத்தை எடுங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. திருவிழாக் கச்சேரிக்குப் போன உங்கள் குழுவின் வேன் மலைப்பாதையில் நின்றுபோனதையும், தார்ப்பாய் கிழிந்து கீபோர்டும் ஸ்பீக்கரும் நனைந்ததையும், பாதிக் கூட்டம் கலைந்த பிறகு நள்ளிரவுக்கு மேல் மேடை ஏறியதையும் எழுதியிருந்தாய். யாருக்கும் அடிபடவில்லை என்ற வரியைப் படித்த பிறகுதான் மனம் நிலைக்கு வந்தது. ஆனால் நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தது கடிதத்தின் கடைசியில் நீ கேட்டிருந்ததற்காக. "மலைபடுகடாம் நடத்தும்போது வழியில் உள்ள ஆபத்தையெல்லாம் அடுக்கிக்கொண்டே போனீர்களே ஐயா, போய்ப் பரிசு வாங்கு என்று அனுப்புகிறவர் எதற்காக இப்படிப் பயமுறுத்த வேண்டும்? வள்ளலிடம் கையேந்தப் போகிறவர்களுக்கு வழி எப்படி இருந்தால் என்ன?"

முதல் கேள்வி நல்ல கேள்வி. சில நாட்களாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது எனக்குக் கோபம் மூட்டியது. 'கையேந்த' என்ற சொல்லை எந்த வினா-விடைப் புத்தகத்திலிருந்து எடுத்தாய்? அந்தப் பாட்டு அரசனைப் பாடித் தொடங்கவில்லை. மூட்டை முடிச்சைச் சொல்லித் தொடங்குகிறது. முழவு, சிறுபறையான ஆகுளி, வெண்கலத் தாளம், மயிற்பீலி கட்டிய கொம்பு, யானை பெருமூச்சு விடுவதுபோல ஒலிக்கும் தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை என்று ஒவ்வொரு கருவியாக எண்ணிப் பார்த்து, அவை பையில் போட்டு இறுகக் கட்டப்பட்டுக் காவடித் தண்டில் தொங்குவதை மழைக்காலப் பலாமரத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் காய்களுக்கு ஒப்பிடுகிறார் புலவர். இவ்வளவு சுமையைத் தோளில் ஏற்றி மலை கடக்கிறவன் பிச்சைக்காரனா? தொழிலுக்குப் போகிறவன். பரிசில் என்பது அவன் தொழிலுக்குக் கிடைக்கும் ஊதியம். உங்கள் குழு தாம்பூலத்தில் வைத்துக் கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு திரும்பினீர்களே, அதற்கு என்ன பெயர் வைப்பாய்?

வந்த களைப்பும் தொடக்கத்திலேயே இருக்கிறது. உடன் வரும் விறலியரின் பாதங்கள் கல்லில் தேய்ந்து, ஓடி இளைத்த நாயின் நாக்கைப் போல ஆகியிருக்கின்றன. பாதத்துக்குத் தாமரையை உவமை சொல்வதை எத்தனையோ இடத்தில் படித்திருப்பாய். நடந்து நடந்து சிவந்த காலுக்கு நாயின் நாக்கைச் சொல்ல, அந்தக் காலைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். பொருநராற்றுப்படையிலும் இதே உவமை வருவதால் இது வாய்பாடாகிவிட்டது என்று சொல்வார்கள். இருக்கட்டும். கலைஞர் கூட்டத்தைப் பாடத் தொடங்கியதும் புலவர்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது புண்ணான கால் என்பதைத்தானே அதுவும் காட்டுகிறது?

இப்போது உன் முதல் கேள்வி. அதற்குப் பெரும்பாணாற்றுப்படையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே கடியலூர் உருத்திரங்கண்ணனார் இளந்திரையனிடம் பாணனை அனுப்புகிறார். அவன் நாட்டில் வழிப்பறி செய்யும் கள்வர் இல்லை, இடியும் இடிக்காது, பாம்பும் கடிக்காது, காட்டு விலங்கும் தீங்கு செய்யாது, விரும்பிய இடத்தில் இளைப்பாறி, தங்கிப் போகலாம் என்கிறார். அரசனுக்கு இதைவிட உயர்ந்த புகழ் கிடையாது. வழிப்போக்கனுக்கு இதனால் ஒரு பயனும் கிடையாது. மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனார் தம் தலைவன் நன்னனைப் புகழவும்தான் செய்கிறார். ஆனால் நன்னனுடைய மலையில் பாம்பு இருக்கிறது என்கிறார். எங்கே இருக்கிறது, எப்படி விலகிப் போக வேண்டும் என்றும் சொல்கிறார். பாராட்டப்படுகிற தலைவனின் நாட்டில் இத்தனை இடர் உண்டு என்று அவன் அவையிலேயே பாடத் துணிந்த புலவர் யாருக்காகப் பாடியிருப்பார்? நடக்கப் போகிறவர்களுக்காக என்பதுதான் என் முடிவு. இதை நான் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். ஒப்புக்கொள்ளாத அறிஞர்கள் உண்டு. அவர்கள் ஒரு முறையாவது சுமையோடு மலை ஏறிப் பார்க்கட்டும்.

கவனித்துப் படி. தினைப்புனத்துப் பக்கம் காட்டுப்பன்றிக்காகப் பெரிய கல்லை ஏற்றிவைத்த அடார் என்னும் பொறிகள் உண்டு. அந்த வழியில் இரவில் போகாதீர்கள், விடிந்த பிறகு போங்கள். ஆள் நடமாட்டம் குறைந்த பாதையில் பரற்கற்கள் நிறைந்த வெடிப்புகளில் பாம்பு ஒடுங்கியிருக்கும். பார்த்து, சற்று விலகிப் போங்கள். உயரமான பரணில் நிற்கும் குறவர் யானையை விரட்டக் கவணில் எறியும் கல் மூங்கிற்காட்டைக் கிழித்துக்கொண்டு எமனைப்போல வரும். மரத்தின் மறைவிலேயே நடங்கள். காட்டாற்றில் சுழி உள்ள மடுவைக் கடக்கும் இடம் வழுக்கும், இருட்டாகவும் இருக்கும். தடித்த கொடி சுற்றிய மரத்தைப் பற்றிக்கொண்டு, பிள்ளைகளோடு ஒருவரை ஒருவர் காத்துக் கடந்து போங்கள். நுண்ணிய பாசி மூடிய சுனைக்கரை காலை வாரிவிடும். பக்கத்தில் அடர்ந்திருக்கும் சிறுமூங்கிலையும் கோரையையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பிள்ளைகளைப் பார். செம்மறியாட்டைப் போல மென்மயிர்த் தலை என்கிறார். கச்சேரிக்குக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போன கூட்டம் அது. வழுக்கும் பாறையில் ஒரு கையில் குழந்தை, மறுகையில் கொடி, தோளில் பறை. இதை அரண்மனைத் திண்ணையில் உட்கார்ந்து கற்பனை செய்ய முடியாது.

என் கருத்து இதுதான். அந்த அறிவுரை ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒரு கலைஞனுக்கு நேர்ந்த விபத்து இருக்கிறது. பேசுகிறவன் நன்னனைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிற கூத்தன். அதே வழியில் போய் அதே வழியில் வந்தவன். பாசியில் அவன் கூட்டத்தில் எவனோ விழுந்திருக்கிறான், அதனால்தான் எதைப் பிடிக்க வேண்டும் என்று தெரிகிறது. கவண்கல் எவன் காதோரமாகவோ போயிருக்கிறது. ஆனால் பாட்டு முழுவதிலும் 'நான் விழுந்தேன், நாங்கள் தவித்தோம்' என்று அவன் ஓர் இடத்திலும் சொல்வதில்லை. பட்டதையெல்லாம் அடுத்தவனுக்கான எச்சரிக்கையாக மாற்றிவிடுகிறான். நீ அதைப் பயமுறுத்தல் என்கிறாய். தொழில்காரன் தொழில்காரனுக்குச் செய்யும் மிகப் பெரிய மரியாதை அது என்கிறேன் நான். ஆபத்தை மறைத்து அனுப்பியிருந்தால்தான் அவன் துரோகி.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். 275ஆம் அடியை ஒட்டி வருகிறது. மலையிலேயே பிறந்து வளர்ந்த குறவர்களுக்குக்கூட வழி மயங்கும் குன்று ஒன்று உண்டு. அங்கே சிக்கிக்கொண்டால் என்ன செய்வது? நீயும் நானும் என்ன செய்வோம்? இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று அலைவோம். ஆளுக்கு ஒரு திசை சொல்வோம். ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வோம். கூத்தன் சொல்வது வேறு. நடப்பதை நிறுத்துங்கள். அகன்ற பாறை ஒன்றில் எல்லோரும் ஒன்றாகக் கூடி நில்லுங்கள். பையை அவிழ்த்து உங்கள் வாத்தியங்களை இசையுங்கள்.

மேலே, அருவி விழும் உச்சியில் காடு காக்கும் கானவர் இருக்கிறார்கள். துறையில் கால் வழுக்கி வெள்ளத்தில் போகிறவர்களின் கூக்குரலைக் கேட்டால் எவ்வளவு வேகமாக ஓடுவார்களோ அவ்வளவு வேகமாக அவர்கள் வந்து சேர்வார்கள். வந்ததும் வழி காட்டுவதற்கு முன்னால் தின்பதற்குப் பழமும் சூடிக்கொள்ளப் பூவும் காட்டுவார்கள். பிறகு அவர்கள் முன்னே நடக்க, உங்கள் சுற்றம் கவலை நீங்கிப் பின்னே போகலாம்.

அந்தக் காட்சியில் எத்தனை நுட்பம் இருக்கிறது, பார். வழி தவறியவன் கத்தினால் அந்தக் குரல் அருவிச் சத்தத்தில் கரைந்துபோகும். பறையும் கொம்பும் கரையாது. மலையில் எத்தனையோ ஓசை இருந்தாலும் ஒழுங்கான தாளம் மனிதனுடையது என்று கேட்டவுடன் தெரியும். வந்திருப்பவர்கள் கள்வரா, பகைவரா என்ற ஐயமும் கானவருக்கு எழாது. திருட வந்தவன் முழவு கொட்டமாட்டான். இத்தனை தூரம் தோளை அறுத்த சுமை அந்தப் பாறையில் அவர்களைக் காப்பாற்றுகிறது. இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. பயந்து கலைந்துபோகும் நிலையில் உள்ள ஒரு கூட்டத்தை ஓரிடத்தில் நிறுத்திவைக்கச் சேர்ந்து வாசிப்பதைவிட நல்ல வழி என்ன இருக்கிறது? வாசிக்கத் தொடங்கினால் ஒவ்வொருவனும் மற்றவனைக் கேட்டாக வேண்டும். சங்கப் பாட்டில் இசையின் பயனைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். யாழால் யானையை அடக்கியது, பாலைப் பண் கேட்டு ஆறலைக் கள்வர் ஆயுதம் போட்டது என்று. அவையெல்லாம் எனக்குப் பிடிக்கும். ஆனால் இந்தப் பாறைக்கு அவை ஈடாகா.

இந்தப் பாட்டை நமக்கு அச்சில் தந்தவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உ.வே. சாமிநாதையர் இந்தப் பாட்டு அடங்கிய பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு 1889இல் பதிப்பித்தார். அவருடைய தந்தை வேங்கடசுப்பையர் கனம் கிருஷ்ணையரிடம் சங்கீதம் கற்றவர். ஊர் ஊராகப் போய் இராமாயணம் பாடிக் கதை சொல்லிக் குடும்பத்தைக் காத்தவர். 'என் சரித்திரம்' படித்தால் தெரியும், அந்தச் சிறுவனின் இளமை ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு, ஒரு புரவலரிடமிருந்து அடுத்த புரவலரிடம் போவதிலேயே கழிந்தது. ஏட்டில் இந்தக் கூத்தர்களைப் பார்த்தபோது அவருக்குத் தம் தந்தை நினைவுக்கு வந்திருப்பார் என்றே நம்புகிறேன். நீ 'என் சரித்திரம்' இன்னும் படிக்கவில்லை என்று போன மாதம் சொன்னாய். இசைக்குழுவில் இருக்கிற ஒருவன் அதைப் படிக்காமல் இருப்பது சரியில்லை.

மலையைக் கடந்த பின் காட்டுவழியில் நடுகற்கள் வரும். புறமுதுகு காட்டாமல் விழுந்த வீரர்களின் கற்கள். அங்கே உங்கள் பாட்டை அவர்கள் விரும்பும்படி பாடி, வாத்தியத்தை இசைத்துவிட்டு விரைந்து போங்கள் என்கிறான் கூத்தன். நன்னனின் ஊரான செங்கம் இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. அன்றைய சேயாறு, இன்றைய செய்யாறு, அதன் ஓரமாகவே ஓடுகிறது. அந்த வட்டாரத்தில் கிடைத்த எழுத்துப் பொறித்த நடுகற்களைத் தொகுத்து இரா. நாகசாமி 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலை வெளியிட்டார். அவை இந்தப் பாட்டுக்குப் பிந்திய காலத்தவை. ஆனால் கல் நடும் வழக்கம் அந்த மண்ணில் எவ்வளவு ஆழமாக வேர்விட்டிருந்தது என்பதற்கு அவையே சாட்சி.

அதை அடுத்து ஒரு சின்னச் செய்தி. நீங்கள் இந்த நிலத்துக்குப் புதியவர்கள். பாதை பிரியும் சந்திகளைத் துடைத்துச் சரிசெய்து, புல்லை முடிந்து அடையாளம் இட்டுவையுங்கள் என்கிறான். பின்னால் தங்கிவிட்ட உங்கள் ஆளும், நாளை வரும் இன்னொரு கூட்டமும் தடுமாறாமல் வருவதற்காக. இந்த இடத்தைப் பாடநூலில் விட்டுவிடுகிறார்கள். நூலின் பெயருக்குக் காரணமான உவமையை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்லி, தேர்விலும் அதையே கேட்கிறார்கள். மலையின் ஆரவாரத்தை யானையின் மதமாக உருவகித்தது அழகுதான். ஆனால் அந்த ஆரவாரம் எதனால் ஆனது என்று யார் கேட்கிறார்கள்? பிளவில் விழுந்த குட்டிக்காகக் கதறும் மந்தி, புலி கீறிய கணவனின் புண் ஆற மனைவி பாடும் பாட்டு, வேங்கைப் பூப் பறிக்கும் பெண்கள் 'புலி புலி' என்று எழுப்பும் கூச்சல், தினை குற்றுவோர் பாடும் வள்ளைப் பாட்டு, கரும்பாலையின் ஓசை. கூத்தன் இதையெல்லாம் நடந்துகொண்டே கேட்கச் சொல்லவில்லை. பூ உதிர்ந்து கிடக்கும் நிழலில் இளைப்பாறி இருந்தால் கேட்பீர்கள் என்கிறான். காதை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு அவன் காட்டும் ஊர்ப் பரிசு இது.

சாப்பாட்டைப் பற்றி விரிவாக எழுத இடமில்லை. குறவர் சிற்றூரில் நன்னனிடம் போகும் கூத்தர் என்று சொன்னால் போதும். வாசலில் நிற்க வேண்டாம், சொந்த வீட்டைப்போல உள்ளே போகலாம், நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச்சோறும் கிடைக்கும். காட்டில் வில்லேந்திய கூளியர் எதிர்ப்பட்டாலும் அதே சொல் காக்கும். ஊனும் கிழங்கும் தந்து அனுப்புவார்கள். இடையர் குடியிருப்பில் ஆட்டுத்தோல் படுக்கை, இரவு முழுவதும் நெருப்பு.

பத்துப்பாட்டை உ.வே.சா. பதிப்பிலேயே படி. நச்சினார்க்கினியர் உரையை முதல் வாசிப்பில் தொடாதே; தொலைவில் கிடக்கும் அடிகளையெல்லாம் கொண்டுவந்து ஒட்டுவார், நடக்கிற கூட்டத்தின் வேகம் கெட்டுப்போகும். 193ஆம் அடியில் தொடங்கி 291 வரை உன் நண்பர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டு. பாறையில் கூடியதும் எந்தக் கருவியை முதலில் எடுத்தார்கள் என்று பாட்டு சொல்லவில்லை. அந்த யானைப் பெருமூச்சுத் தூம்பாகத்தான் இருக்க வேண்டும், பள்ளத்தாக்கில் அதன் ஒலிதான் தொலைதூரம் போகும் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் குழுவில் தாளவாத்தியம் வாசிக்கும் பெரியவர் ஒப்புக்கொள்ளமாட்டார், முழவு என்றுதான் சொல்வார். அவரிடம் காரணத்தோடு கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியன்