சிறு ரோபோவும் அதன் உறுப்புகளும்

விருதுநகருக்குத் தென்மேற்கே உள்ள சிவகாசி, மழை அருகிய நிலத்து ஊர். வறண்ட காற்று உழவுக்கு ஊறு செய்யினும், தீக்குச்சியும் வாணமும் உலர்வதற்குத் துணைபுரிந்தது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் பயின்று மீண்டனர். பின்னர்ப் பட்டாசுத் தொழிலும் அங்கே வேரூன்றியது. அத்தொழிலில் ஒரு கருவியைக் கையில் எடுக்குமுன் அஃது எதனால் ஆயது என்று நோக்குதல் வேண்டும். மருந்து கலக்கும் அறையில் இரும்பு புகலாகாது. உராய்ந்தால் பொறி பறக்கும். மரமும் பித்தளையும் செம்புமே அங்குத் தக்கவை. வாயிலில் உள்ள செப்புத் தகட்டைத் தொட்டு, உடலில் தேங்கிய நிலைமின்னை மண்ணுக்கு விட்ட பின்னரே உட்செல்லுதல் முறை.

சிறு ரோபோ செய்ய விழையும் மாணாக்கர்க்கும் இந்நோக்கு வேண்டும். ரோபோ என்னும் சொல், செக் மொழி எழுத்தாளர் காரல் சாபெக் 1920இல் வெளியிட்ட நாடகத்தால் பரவியது. கட்டாய உழைப்பு என்பது அதன் வேர்ப்பொருள். உழைப்பை வாங்குவோர் உணவின் அளவையும் அறிதல் வேண்டுமன்றோ? ரோபோவின் உணவு மின்சாரம்.

தரையிலிட்ட கோட்டைத் தொடர்ந்து ஓடும் எளிய ரோபோவுக்கு இரண்டு மோட்டார், அவற்றை ஏவும் சில்லு, ஆணையிடும் பலகை, ஒளியுணரிகள், மின்கலம் ஆகியன போதும். சென்னை அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெரு இவற்றுக்குப் பெயர் பெற்றது. விருதுநகரிலிருந்து அஃது ஓரிரவுப் பயணம். தபாலில் வருவித்தாலோ, பிழைபட்டதை மாற்றிக்கொள்ளுதல் எளிதன்று. ஆதலின் கணக்கு முன்னும் காசு பின்னுமாக இருத்தல் நன்று.

மஞ்சள் நிறப் பற்சக்கர மோட்டார் தடையின்றி ஓடுங்கால் 200 மில்லியாம்பியருக்கும் குறைவாகவே கொள்ளும். சக்கரம் சுவரில் முட்டி நின்றால் ஏறத்தாழ ஓர் ஆம்பியர் இழுக்கும். அர்டுயினோ பலகையின் ஒரு முனை தரத்தக்கதோ 20 மில்லியாம்பியரே. இடையே ஏவற்சில்லு வேண்டுவது இதனாலேயே.

எல்293டி என்னும் சில்லு தொடர்ந்து தாங்குவது 600 மில்லியாம்பியர். மோட்டார் நிற்கும்பொழுது எழும் எதிர் மின்னழுத்தத்தைத் தடுக்கும் டையோடுகள் அதனுள்ளேயே உண்டு. இறுதியெழுத்தற்ற எல்293 ஓர் ஆம்பியர் தாங்கும். ஆனால் அந்தக் காப்பு அதனுள் இல்லை. ஓரெழுத்தால் பொருள் வேறுபடுவது இலக்கணத்தில் மட்டுமன்று! எல்298 இரண்டு ஆம்பியர் தாங்குமெனினும், ஏறத்தாழ இரண்டு வோல்ட்டைத் தானே விழுங்கிவிடும். ஆறு வோல்ட் கொடுத்தவன் நான்கே மோட்டாருக்குச் சென்றது கண்டு திகைப்பான்.

மின்கலத்தில்தான் பலர் ஏமாறுகின்றனர். ஒன்பது வோல்ட் சதுரக் கலம் எண்ணிற் பெரியது. மோட்டாரை ஓட்டும் ஆற்றலிற் சிறியது. நான்கு பென்டார்ச் செல்கள் அதனினும் நன்கு உழைக்கும். 18650 என்னும் லித்தியம் கலத்தின் எண், 18 மில்லிமீட்டர் குறுக்களவையும் 65 மில்லிமீட்டர் நீளத்தையும் குறிப்பது. சிலவற்றின் உறையில் 9,900 மில்லியாம்பியர்-மணி என்று அச்சிட்டிருப்பர். நல்ல கலங்களே 3,500ஐ ஒட்டி நிற்பன என்பதை அறிந்தவன் அதனைத் தொடமாட்டான்.

மருந்து கலக்கும் வேலையை மனிதன் கைக்கு மாறாகப் பொறியிடம் விடலாகாதா என்று சிவகாசிச் சிறுவன் ஒருவன் எண்ணுவானாயின், அஃது இயல்பே. உராய்வாலும் அதிர்ச்சியாலும் அவ்வறைகளில் உயிர்கள் மாய்ந்துள்ளன. ஆயினும் அவன் கையிலுள்ள மோட்டாரினுள் தூரிகைகள் திசைமாற்றியின்மேல் உராயுந்தோறும் நுண்பொறி எழுகின்றது. இரும்பை விலக்கிய அறைக்குள் அதனைக் கொண்டுசெல்வது எங்ஙனம்? தூரிகையற்ற மோட்டாரில் அப்பொறி இல்லை; எனினும் கம்பி தளர்ந்தால் பொறி பிறக்கும். வெடிபொருள் உள்ள இடத்துக்கென ஆய்ந்து சான்றளித்த மின்கருவியன்றிப் பிறிதெதுவும் அங்கு நுழைதல் கூடாது. அத்தகைய பொறியை ஆக்கும் கல்வியை அவன் எய்துங்காறும், அவனுடைய ரோபோ பள்ளியறையில் மணலை அள்ளிப் பழகலாம்.