காய்ச்சல் இல்லாத மலேரியா

மலேரியா என்றவுடன் குளிரும் நடுக்கமும், அவற்றைத் தொடரும் கடுங்காய்ச்சலும் வியர்வையுமே நினைவுக்கு வருகின்றன. களப்பணியாளரும் ஒரு கிராமத்தை அடைந்ததும், "யாருக்கேனும் காய்ச்சல் உண்டா?" என்றே முதலில் வினவுவது வழக்கம். ஒருவருக்கும் இல்லை என்று விடை வந்தால், அவ்வூர் நோயற்றது எனக் குறித்துக்கொண்டு திரும்பிவிடுவார். ஒடிசா மாநிலத்தின் கோராபுட், மல்கான்கிரி, ராயகடா போன்ற மலை மாவட்டங்களில் இவ்விடையை நம்புவதால் விளையும் தீங்கு சிறிதன்று.

காய்ச்சலைக் கொண்டு மலேரியாவைத் தேடும் முறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது, நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 7.5 கோடி மக்கள் இந்நோய்க்கு ஆளாயினர் என்றும், 8 லட்சம் பேர் மாண்டனர் என்றும் கணிக்கப்பட்டது. வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. 1958-இல் அது ஒழிப்புத் திட்டமாயிற்று. பணியாளர் வீடுதோறும் சென்று, காய்ச்சல் கண்டவரின் இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் எடுத்துச் சோதிக்கலாயினர். 1965-இல் நோயாளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 1 லட்சமாகக் குறைந்தது. பின்னர்க் கொசுக்கள் டி.டி.டி.யைத் தாங்கப் பழகின, கண்காணிப்பும் தளர்ந்தது. 1976-இல் அவ்வெண்ணிக்கை 64 லட்சத்தைத் தாண்டியது. சமவெளியில் பெரும்பயன் தந்த இந்தத் தேடும் முறை மலைநாட்டில் தவறுவதற்குரிய காரணம் மனித உடலிலேயே உள்ளது.

இளமை முதல் மீண்டும் மீண்டும் நோய்க் கொசுக்களின் கடிக்கு ஆளாகும் ஒருவரின் உடல், ஒட்டுண்ணியை முற்றும் வெல்லாமலேயே அதனை ஒருவாறு தாங்கப் பழகிக்கொள்கிறது. இரத்தத்தில் ஒட்டுண்ணிகள் சிறிதளவே இருக்கும், காய்ச்சல் வாராது, அவர் வழக்கம்போல் வயலுக்கும் சந்தைக்கும் செல்வார். ஆயினும் பிளாஸ்மோடியம் பால்சிபாரம் என்னும் கொடிய ஒட்டுண்ணியின் ஆண், பெண் வடிவங்கள் அவருடைய இரத்தத்தில் வாரக்கணக்கில் உலவக்கூடும். நோய் பரவுவதற்குக் கொசு உறிஞ்ச வேண்டியது இவற்றையே. ஏறக்குறைய 10 முதல் 14 நாட்களில் ஒட்டுண்ணி கொசுவின் உடலில் வளர்ச்சியுற்று அதன் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகிறது. அதன்பின் அக்கொசு கடிப்பது தாங்கும் ஆற்றல் இன்னும் அமையாத குழந்தையாக இருக்கலாம்; கருவுற்றமையால் அவ்வாற்றல் குன்றிய பெண்ணாக இருக்கலாம்; வேற்றூரிலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியராகவும் இருக்கலாம். இவர்களிடத்தில் நோய் மூளையைத் தாக்கிச் சில நாட்களில் உயிரைப் பறிக்கவும் வல்லது. காய்ச்சல் காணாதவரும் முழு நலத்துடன் இருப்பதாகக் கொள்ளலாகாது. அவர்களுக்குச் சோகை உண்டாகிறது. வகுப்பில் சோர்ந்திருக்கும் பிள்ளையைப் படிப்பில் நாட்டமற்றவன் எனக் கொள்ளுமுன் ஆசிரியர் இதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இம்மலைகளில் நோய் பரவுவதில் அனாபிலஸ் புளூவியாட்டிலிஸ் என்னும் கொசுவுக்குப் பெரும்பங்கு உண்டு. சமவெளிக் கிராமங்களில் மிகுந்துள்ள அனாபிலஸ் கியூலிசிபேசிஸ் பெரும்பாலும் கால்நடைகளை நாடுவது; இதுவோ இப்பகுதியில் மனித இரத்தத்தையே விரும்புவது. சாக்கடையில் இதனைத் தேடிப் பயனில்லை. புல் அடர்ந்த கரைகளை உடைய, மெல்ல ஓடும் தெளிந்த ஓடைகளில் இது முட்டையிடுகிறது. அத்தனை ஓடைகளிலும் மருந்திடுதல் எளிதன்று. ஆதலின் ஒட்டுண்ணியை மனிதரிடத்திலேயே தேடி அழித்தல் இன்றியமையாததாகிறது.

2017-இல் ஒடிசா அரசு 'தமன்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. எளிதில் சென்றடைய இயலாத பகுதிகளில் மலேரியாவை அகற்றுதல் என்பது அதன் விரிவான பெயரின் பொருள். காய்ச்சல் உண்டோ இல்லையோ, ஊரார் அனைவரின் விரல்நுனி இரத்தமும் மழைக்கு முன்னும் பின்னும் விரைவுச் சோதனைப் பட்டையில் சோதிக்கப்பட்டது. ஒட்டுண்ணி காணப்பட்டவர் எல்லாருக்கும் மருந்து தரப்பட்டது. அதே ஆண்டில் 1 கோடிக்கு மேற்பட்ட மருந்தூட்டிய கொசுவலைகளும் வழங்கப்பட்டன. 2016-இல் 4 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேலிருந்த நோயாளிகளின் எண்ணிக்கை 2018-இல் ஏறத்தாழ 66 ஆயிரமாயிற்று. இவ்வீழ்ச்சியில் வலையின் பங்கு எவ்வளவு, சோதனையின் பங்கு எவ்வளவு எனப் பிரித்துரைத்தல் அரிது. 2022-இல் 25 ஆயிரத்துக்கும் கீழே இறங்கிய எண்ணிக்கை 2023-இல் மீண்டும் 40 ஆயிரத்தைத் தாண்டியது என்பதும் கருதத்தக்கது.

விரைவுச் சோதனைக்கு இரு குறைகள் உள. ஒட்டுண்ணிகள் மிகச் சிலவாயின் பட்டையில் கோடு தோன்றாமற் போகலாம். மாறாக, பால்சிபாரம் வெளியிடும் புரதம் ஒட்டுண்ணி அழிந்த பின்னும் சில வாரங்கள் இரத்தத்தில் தங்குவதால், அண்மையில் சிகிச்சை பெற்றவருக்கும் கோடு தோன்றலாம். ஐயம் நேரின் கண்ணாடித் தகட்டில் எடுத்த இரத்தத்தை நுண்பெருக்கியில் காண்பதே தெளிவு தரும்.

சோதனையிலும் கடினமானது மருந்து கொடுத்தல். நோயுணர்வே இல்லாத ஒருவர் 3 நாள் மருந்தை முழுமையாக உண்ண எளிதில் இசையார். முதல் வேளை மருந்தைப் பணியாளர் முன்னிலையிலேயே விழுங்கச் செய்து, அடுத்த இரு நாட்களும் வீட்டிற்குச் சென்று காண்பதே தக்க முறை. கருவுற்ற பெண்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பிரிமாகுவின் கொடுத்தலாகாது.

விடுதியுடன் கூடிய பள்ளிகளில், விடுமுறை முடிந்து பல மலையூர்களிலிருந்தும் பிள்ளைகள் திரும்பும் நாளே சோதனைக்கு மிகவும் ஏற்றது. அன்று வராத பிள்ளைகளின் பெயர்களையும் அவர்தம் ஊர்களையும் ஆசிரியர் தனியே குறித்து, சுகாதாரப் பணியாளரிடம் அன்றே கொடுத்தல் வேண்டும்.